உள்தாழ்ப்பாள்

பக்கத்துப் பாகத்தில் குளியலறைச் சுவரை இடிக்கத் தொடங்கிய அன்று ரேணுகா உப்புப் போடாமலே இட்லி மாவைப் பாக்கெட் கட்டிவிட்டாள். எட்டு வருஷமாக மாவு விற்கிறவள், ஒரு நாளும் அப்படி ஆனதில்லை. சாயங்காலம் பெண்கள் விடுதியிலிருந்து இரண்டு பேர் போன் போட்டுச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவர்களிடம் நயமாகப் பேசி மறுநாள் வேறு பாக்கெட் தருவதாகச் சொன்னாள். ஆனால் தப்பு தன்னுடையது என்று அவள் மனசு ஒப்பவில்லை. காலையிலிருந்து காதுக்குப் பக்கத்தில் சுத்தியல் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் உப்பு ஞாபகம் வரும்?

சுத்தியலைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அதோடு சேர்ந்து அவள் புருஷன் கோவிந்தராஜ் சிரிக்கிற சத்தமும் கேட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புனேயில், பழைய சாங்வியில் ஆற்றை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தது அந்த வீடு. மாமனார் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கட்டியது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பாகம், நடுவில் ஒரே சுவர், முன்னால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வராண்டா, தெருவுக்கு இறங்க மூன்று படி. மூத்தவன் கோவிந்தராஜ் இடது பாகத்தில் இருந்தான். இளையவன் அருண்ராஜ் ஆபீசுக்குப் பக்கம் என்று வாகடில் பிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் மனைவி கீர்த்தி வலது பாகத்துக்கு வண்ணம் அடித்து, ஏசி மாட்டி, போனில் படம் போட்டு நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தாள். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள், கடக்வாஸ்லாவில் ராணுவப் பயிற்சி முடிக்கும் பையனின் அணிவகுப்பைப் பார்க்க வருகிறவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் போனதும் படுக்கை விரிப்பு மாற்றி, தரை துடைத்து, சாவியை அதன் பெட்டியில் போடுவது ரேணுகாவின் வேலை.

பிப்ரவரியில் சேலத்திலிருந்து ஒரு அம்மாள் கீர்த்திக்கு எழுதிக் கேட்டிருந்தாள். மே கடைசியில் பேரனின் அணிவகுப்பு. தன் கணவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். உங்கள் வீட்டுக்கு எத்தனை படி, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம், உள்ளே நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா? பதினான்கு இடத்தில் கேட்டாயிற்று, ஒருவருக்கும் பதில் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள். கீர்த்திக்கும் தெரியவில்லை. டேப் எடுத்துக்கொண்டு வந்து அளந்தாள். கதவு இருபத்திரண்டு அங்குலம். அந்த வீட்டில் கதவு எத்தனை அங்குலம் என்பது முக்கியமான விஷயம் என்று அறிந்த ஒரே மனிதன் சுவருக்கு இந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்தான். கீர்த்தி நேராக அவனிடம் வந்து உட்கார்ந்தாள். மாமா, இனிமேல் நீங்கள்தான் எனக்கு எஞ்சினியர் என்றாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிம்ப்ரியில் ஷிப்ட் முடித்து மழையில் பைக்கில் வந்தவன் சறுக்கி விழுந்தான். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போயிற்று. வலது கை உடைந்து கூடினாலும் பழைய பலம் திரும்பவில்லை. அன்றிலிருந்து கோவிந்தராஜின் கால் ரேணுகாதான்.

காலையில் ஐந்து மணிக்கு மாவைப் பாக்கெட்டில் அடைத்து, ஏழு மணிக்குள் கடைகளில் போட்டுவிட்டு வருவாள். பிறகு அவனை எழுப்புவாள். அவன் இடது கையைத் தன் கழுத்தில் போட்டு, தன் இரண்டு கைகளையும் அவன் முதுகுக்குப் பின்னால் கோத்து, "ஏக், தோன், தீன்" என்று மராத்தியில் எண்ணி ஒரே மூச்சில் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பாள். எண்ணக் கற்றுக்கொடுத்தது ஆஸ்பத்திரி ஆயா. தமிழில் எண்ணினால் அவளுக்குத் தூக்க வராது. சக்கர நாற்காலி ஒன்று இருந்தது, ஆனால் அது உள்கதவில் நுழையாது. அதனால் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சமையலறையைத் தாண்டி, இரண்டு படி இறக்கி, கொல்லைக் குளியலறையில் விட்டுக் குளிப்பாட்டுவாள். வருஷத்துக்கு இரண்டு நாற்காலி கால் தேய்ந்து உடையும். அவள் இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தாள், வலிக்குத் தைலம் தடவிக்கொண்டாள், ஆனால் வலிக்கிறது என்று ஒருத்தரிடம் சொன்னதில்லை.

தெருவில் அவளுக்கு அதனால் ஒரு மரியாதை இருந்தது. ஆனி மாதத்துப் பௌர்ணமியில் மராத்திப் பெண்கள் புருஷனுக்காக விரதமிருந்து ஆலமரத்துக்கு நூல் சுற்றுவார்கள். ஏழு ஜென்மத்துக்கும் இதே புருஷன் வேண்டும் என்று வேண்டுதல். மாருதி கோயில் ஆலமரத்தில் முதல் நூலைச் சுற்றுவது தெருவிலேயே மூத்தவளான மங்கல் காக்குவின் உரிமை. அந்தக் கிழவி அதை ரேணுகாவுக்கு விட்டுக்கொடுத்துப் பத்து வருஷமாகிறது. இவள்தான் எங்கள் சாவித்திரி என்று எல்லார் முன்னாலும் சொல்லி நூல்கண்டைக் கையில் கொடுப்பாள். ரேணுகா வெட்கப்படுவது போலத் தலை குனிவாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள்.

இப்போது அடுத்த பாகத்தில் சுவர் இடிபடுகிறது. யாரோ முகம் தெரியாத மனுஷனுக்காக. ரேணுகாவின் வயிறு எரிந்தது. எரிந்தது என்று சொன்னால் போதாது, சாப்பிட்ட சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கீர்த்தி டைல்ஸ் சாம்பிளோடு வந்தபோது கேட்டே விட்டாள்.

"யாரோ ஊர் பேர் தெரியாதவங்களுக்குச் சுவத்த இடிக்கிறீங்க. உங்க மாமா பதினோரு வருசமா இங்கதானம்மா கீறாரு. அவருக்கு ஒரு செங்கல்லு எடுக்க ஒருத்தருக்கும் தோணலியே."

கீர்த்தி புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசும்போது பாதி தூரம் வந்து நின்றுவிடுவாள். "அக்கா, நாங்க கேட்டோம் நா. மாமனார் போன வருஷம்… மத்லப், அவர் தவறின வருஷம். உள்ள பாத்ரூம் கட்டலாம்னு இவர் சொன்னார். நீங்கதான் வேணாம் சொன்னீங்க."

உண்மைதான். எனக்கு இன்னா கை கால் வௌங்கலியா, நான் கீறேன் அவருக்கு என்று அன்றைக்கு அருண்ராஜின் வாயை அடைத்தவள் அவள்தான். அதை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை. டைல்ஸ் வழுக்கும் போலிருக்கிறதே என்று பேச்சை மாற்றினாள். வழுக்காத ரகம் அக்கா, மாமாதான் தேர்ந்தெடுத்தார் என்றாள் கீர்த்தி.

எல்லாவற்றையும் மாமாதான் தேர்ந்தெடுத்தார். வாசல் படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை போட்டார்கள். முதலில் போட்டது செங்குத்தாக இருக்கிறது என்று கோவிந்தராஜ் இடிக்கச் சொல்லி நீளமாகப் போட வைத்தான். கதவை மூன்றடி ஆக்கினார்கள். கட்டிலின் காலை அறுத்துத் தாழ்த்தினார்கள். சுவிட்சுகளைக் கீழே இறக்கினார்கள். காலையில் குளிப்பாட்டி முடித்ததும் "என்னை அங்க கொண்டு போய் வுடு ரேணு" என்பான். அவள் கொண்டுபோய் விடுவாள். அப்புறம் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டான். கொத்தனார் பத்ரி அலகாபாத் பக்கத்துக்காரன், வாயாடி. அவனும் இவனும் இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டே சுண்ணக்கட்டியால் சுவரில் கோடு போடுவார்கள். அவள் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து வைத்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். களி ஆறிக் கட்டையாகும். பதினோரு வருஷத்தில் தன்னோடு இவன் இப்படிச் சிரித்திருக்கிறானா என்று எண்ணிப் பார்த்தாள். இரண்டு தடவை ஞாபகம் வந்தது, இரண்டும் டிவி பார்த்துச் சிரித்தது.

கைப்பிடிக் கம்பி பொருத்திய அன்று அவளையும் கூப்பிட்டார்கள். கம்பி எந்த உயரம், எந்தப் பக்கம் என்பதெல்லாம் கோவிந்தராஜை உட்கார வைத்தே முடிவு பண்ணியிருந்தார்கள். அவன் சக்கர நாற்காலியைக் கோணமாக நிறுத்தினான். இடது கையால் கம்பியைப் பிடித்தான். தோள் நடுங்கியது. ரேணுகா தன்னை அறியாமல் ஓரடி முன்னால் போனாள். அதற்குள் அவன் உடம்பு எழும்பி, ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்று, குளிக்கிற பலகையில் போய் உட்கார்ந்துவிட்டது. பத்ரி கை தட்டினான். கீர்த்தி போனில் படம் எடுத்தாள். கோவிந்தராஜ் ரேணுகாவைப் பார்த்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, பத்தாம் வகுப்பு பாஸான பையன் மாதிரி அவளைப் பார்த்தான்.

அவள் அந்தக் கம்பியைப் பார்த்தாள். முழுக்கை நீளம், பளபளவென்று, இரண்டு பக்கமும் நாலு நாலு திருகு. வாங்கி இரண்டு நாள் ஆகாத அந்த இரும்பு அவள் பதினோரு வருஷம் செய்ததை ஒரு மூச்சில் செய்துவிட்டது. அதற்கு இடுப்பு வலி இல்லை, காய்ச்சல் வராது, சாவித்திரி என்று யாரும் அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை. அவளுக்கு அதைப் பிடுங்கி ஆற்றில் வீச வேண்டும் போலிருந்தது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அந்தக் குளியலறையைக் கழுவியபோது தரை தேய்த்தாள், டைல்ஸ் தேய்த்தாள், வாளியையும் தேய்த்தாள். கம்பியை மட்டும் தொடவில்லை.

மே கடைசியில் சேலத்துக்காரர்கள் வந்தார்கள். சுந்தரராமன் என்று பெயர். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஆறு வருஷம். அவர் மனைவி அபயாம்பாள் நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள், நகத்துக்கு வண்ணம் பூசியிருந்தாள். சரிவுப் பாதையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்த கோவிந்தராஜின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். ரேணுகாவைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

முதல் நாள் காலையிலேயே விஷயம் தெரிந்துபோயிற்று. அபயாம்பாள் கதவைத் தட்டினாள். கொஞ்சம் வருகிறீர்களா, இவரால் உட்கார முடியவில்லை என்றாள். சுந்தரராமனுக்கு விழுந்தது இடது பக்கம். அந்தக் குளியலறையில் எல்லாக் கம்பியும் இடது பக்கம்தான். கோவிந்தராஜின் இடது கைக்கு அளந்து, கோவிந்தராஜின் உயரத்துக்கு அளந்து, கோவிந்தராஜ் ஒருவனுக்கே அந்த வீட்டைக் கட்டி வைத்திருந்தார்கள். அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ரேணுகா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். ஏக், தோன், தீன். கனத்த மனுஷன், ஆனாலும் பூவைப் போலத் தூக்கி வைத்தாள். அபயாம்பாள் வாயைப் பிளந்தாள். அன்று முழுக்க ரேணுகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு தடவை அந்தப் பாகத்துக்குப் போய் ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். மத்தியானம் கோவிந்தராஜுக்குச் சோறு போடும்போது, இவ்வளவு செலவு பண்ணிக் கட்டினது கடைசியில் என் தோளுக்குத்தானே வந்தது என்று சொல்லியும் காட்டினாள்.

கோவிந்தராஜ் தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "என் தப்புதான் ரேணு. என் கைய மட்டும் நெனச்சேன். எல்லாக் கையும் என் கை மாதிரின்னு நெனச்சிட்டேன்" என்றான். சாப்பிட்டுக் கை கழுவினதும் பத்ரிக்குப் போன் போட்டான். சாயங்காலத்துக்குள் வலது பக்கமும் கம்பி ஏறிவிட்டது. அரையடி தள்ளி உயரத்தில் இன்னொன்று. ரேணுகாவின் ராஜ்ஜியம் ஒரு பகல் நடந்தது.

மறுநாள் காலை அவள் வராண்டாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அபயாம்பாள் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"சார் தனியாவா கீறாரு?" என்றாள் ரேணுகா.

"ஆமா. அவர் குளிச்சிட்டு வர அரை மணி நேரம் ஆகும்."

"வுழுந்துட்டா?"

"விழுந்திருக்கார். ரெண்டு தடவை." அபயாம்பாள் பக்கத்தைத் திருப்பினாள். "மூணாவது தடவை விழுறப்பவும் தூக்கிக்கலாம். அதுக்காக நான் தினம் உள்ளயே நிக்க முடியுமா? உட்காருங்களேன், டீ போட்டுத் தரேன்."

வேலை கிடக்கிறது என்று ரேணுகா உட்காரவில்லை. பெண்பிள்ளையா இவள், புருஷன் உள்ளே வழுக்கி விழட்டும் என்று காலை ஆட்டிக்கொண்டு கதை படிக்கிறாள் என்று மனசுக்குள் திட்டினாள். கொடியில் ஒரே வேஷ்டியை மூன்று தடவை உதறிப் போட்டாள். அந்த நீட்டிய கால்களையும் அந்த நகத்துச் சிவப்பையும்தான் அவள் கண் திரும்பத் திரும்பப் பார்த்தது. தன் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. தான் கடைசியாக அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படி உட்கார்ந்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அதனாலேயே அபயாம்பாள்மேல் ஆத்திரம் இன்னும் கூடியது.

அவர்கள் போன பிறகு மழை பிடித்தது. ஜூன் மாதம் பத்து நாள் அந்தப் பாகத்துக்கு ஆள் வரவில்லை. கோவிந்தராஜ் மட்டும் போய்ப் போய் வந்தான். கீர்த்தி போனில் காட்டிய ஒரு படத்தைப் பார்த்து பத்ரி அவனுக்கு வழவழப்பாக ஒரு பலகை இழைத்துக் கொடுத்திருந்தான். கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் அதைப் பாலம் மாதிரி வைத்தால், கையை ஊன்றி நகர்ந்து தானே நாற்காலிக்குப் போய்விடலாம். இரண்டு நாள் பழகினான். மூன்றாம் நாள் பலகையைக் காணோம். ரேணுகா அதை மாவுப் பானைக்கு மூடியாகப் போட்டிருந்தாள். பானை மூடி உடைந்துவிட்டது என்றாள். உடைந்த மூடி எங்கே என்று அவன் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் அவன் தம்பியோடு போனில் பேசுவது அவள் காதில் விழுந்தது. நம்ம பக்கத்துச் சுவரையும் இடித்துவிடலாம், கீர்த்தியும் நானும் அளவு எடுத்துவிட்டோம், பத்ரி வெள்ளிக்கிழமை வருகிறான், அண்ணியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ரேணுகா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "கீர்த்தியும் நீங்களும் அளவெடுத்தாச்சா? ஊரெல்லாம் சொல்லியாச்சு, எங்கிட்ட மட்டும் கடைசில சொல்லப் போறீங்களா?"

"ரேணு, நீ கத்தாம கேளு…"

"என் வூட்டுல ஒரு செங்கல்லு எடுக்கக் கூடாது. சொல்ட்டேன். எடுத்தா நான் குடியாத்தத்துக்குப் போயிடுவேன்."

பிறந்த ஊரான குடியாத்தத்தில் அவளுக்கு இப்போது ஒருத்தரும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் அவர்களுக்குள் பேச்சு இல்லை. காலையில் எண்ணாமலே தூக்கினாள். எண்ணாமல் தூக்கும்போது அவன் உடம்பு தயாராக இல்லாமல் இரட்டைக் கனம் கனத்தது. மூன்றாம் நாள் முதுகில் பிடித்துக்கொண்டு, சமையலறை நிலையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவன் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாம் நாள் பௌர்ணமி. காலையில் மழை விட்டிருந்தது. அன்று மட்டும் கணக்கு வேறு. அவள் தலைக்குக் குளித்து, பச்சைப் புடவை கட்டி, பச்சைத் தண்ணீர் குடிக்காமல், மாம்பழமும் பலாச்சுளையும் தட்டில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவாள். திரும்பி வந்துதான் அவனைக் குளிப்பாட்டுவாள். போகும்போது அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். சொல்லாமலே கிளம்பினாள்.

மங்கல் காக்கு வழக்கம் போல நூல்கண்டை அவள் கையில் கொடுத்தாள். ரேணுகா வாங்கும்போது பின்னால் நின்ற புதுப்பெண் ஒருத்தி, உங்கள் வீட்டில் இப்போது எல்லா வசதியும் வந்துவிட்டதாமே தாயி, இனிமேல் உங்களுக்குக் கஷ்டமில்லை என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ரேணுகாவுக்கு எல்லார் முன்னாலும் காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. நூலைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றினாள். ஏழு ஜென்மத்துக்கும் இதே புருஷன் என்று வேண்ட வேண்டும். ஏழு ஜென்மத்துக்கும் அவனுக்கு நான் வேண்டும் என்றுதான் அவள் மனசு வேண்டியது. மூன்றாவது சுற்றில் தான் வேண்டுவது அதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

சமையலறையில் மாவுப் பானைமேல் எவர்சில்வர் தட்டு மூடியிருந்தது. பலகையைக் காணோம். சக்கர நாற்காலியும் இல்லை. அவள் தட்டைக் கையில் வைத்தபடியே வராண்டா வழியாக அந்தப் பாகத்துக்கு ஓடினாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

பதினோரு வருஷத்தில் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கதவு சாத்தியதில்லை. அவன் உடம்பில் அவள் பார்க்காத இடமில்லை, துடைக்காத இடமில்லை. இப்போது கையகல இரும்புத் துண்டு ஒன்று நீ வெளியே நில் என்கிறது. கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"யாருன்னா? தொறங்க."

"வரேன் இரு."

"எதுக்குத் தாப்பா போட்டீங்க? வுழுந்தா யாரு வந்து தூக்கறது? தொறங்கன்னு சொல்றேன்."

"நானே வரேன் ரேணு. ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். விழட்டும் என்று நினைத்தாள். ஆமாம், அப்படித்தான் நினைத்தாள். விரதத்தோடு, நெற்றியில் குங்குமத்தோடு, அவன் ஆயுசுக்கு நூல் சுற்றிய கையோடு, ஒரு தடவை விழட்டும், அப்போது தெரியும் கம்பி பெரிசா நான் பெரிசா என்று நினைத்தாள். நினைத்த மறு நொடியே சாமி, இல்லை, இல்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். தண்ணீர் நின்றது. கம்பியில் கை பிடிக்கிற ஓசை. ஒரு முனகல். பிறகு சக்கரம் நகர்கிற ஓசை. அப்புறமும் அவன் வெளியே வரவில்லை. துணி உரசுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

தாழ்ப்பாள் திறந்தது. கோவிந்தராஜ் வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பொத்தான் மாறிப் போட்டு, தலையை வாரி, திருநீறு இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேஷ்டி தாறுமாறாகச் சுற்றியிருந்தது. காதுக்குப் பின்னால் சோப்பு இருந்தது.

"முதுகு தேச்சீங்களா?" என்றாள். அவளுக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"நீளமா ஒரு பிரஷ் வாங்கி வெச்சிருக்கா கீர்த்தி. எட்டுது."

முதுகும் போயிற்று. ரேணுகா தட்டைத் தரையில் வைத்தாள். "அப்ப நான் இன்னாத்துக்கு?" என்றாள். "கம்பி கீது, பலக கீது, பிரஷ் கீது. பதினோரு வருசம் தூக்கனேன், என்னை ஒரே மாசத்துல எறக்கி வெச்சிட்டீங்க. நான் இன்னாத்துக்கு இந்த வூட்டுல?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சக்கரத்தை அவள் பக்கம் கொஞ்சம் உருட்டினான்.

"நீ என்னைத் தூக்கும்போது உன் மூஞ்சி எங்க இருக்கும் தெரியுமா? என் தோளுக்குப் பின்னால. பதினோரு வருசமா தெனம் ரெண்டு தடவ கட்டிப் புடிக்கற. உன் மூஞ்சி எனக்குத் தெரியறதில்ல." நிறுத்தி மூச்சு விட்டான். "வருசா வருசம் இந்த நாளு நீ பூஜ பண்ணிட்டு வந்து என் கால்ல வுழற. நான் குளிக்காம, நாறிக்கினு, கட்டில்ல கெடப்பேன். அந்தக் கால்ல வுழுந்துட்டு எழுந்து அதே கையால எனக்குப் பீ வழிச்சிக் கொட்டுவ. ஒரு வருசமாவது நீ வரதுக்குள்ள குளிச்சி, சட்ட போட்டுக்கினு, உன் எதிர்ல புருசனா ஒக்காரணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் பேப்பர் போடற பையன்கிட்ட பலகைய எடுத்தாரச் சொன்னேன், அதுக்குத்தான் தாப்பா போட்டேன். நீ உள்ள வந்தா நீயே போட்டு வுட்டுடுவ."

ரேணுகா நின்றாள். அழவில்லை. கோபம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. அந்தப் பிரஷ்மேல் அவளுக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. மீசையில் பாதி நரைத்திருந்தது. அதை அவள்தான் வாரம் ஒரு தடவை கத்தரித்து விடுகிறாள், ஆனாலும் நரைத்ததை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

பொத்தானைச் சரி பண்ணக் கை நீட்டினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். "பொத்தான் மாறிப் போயிருக்குது" என்று மட்டும் சொன்னாள். அவன் குனிந்து பார்த்து, அவிழ்த்து, மெதுவாகச் சரியாகப் போட்டுக்கொண்டான். போட்டு முடிக்கிற வரைக்கும் அவள் பொறுத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பொறுத்திருந்தாள். பிறகு அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்ரி சுத்தியலோடு வந்தான். அருண்ராஜும் கீர்த்தியும் வராண்டாவில் தயங்கி நின்றார்கள். அண்ணி என்ன சொல்வாளோ என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ரேணுகா தூசு படாமல் இருக்கச் சமையலறைச் சாமான்களை எடுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் இடிபட்டது. கதவு போனது, படி போனது. கம்பி எந்த உயரத்தில் என்று பத்ரி அவளைக் கேட்டபோது, அவரைக் கேள் என்று கையைக் காட்டினாள்.

எல்லாம் முடிந்து கடைசியில் புதுக் கதவு நின்றது. உள்தாழ்ப்பாள் எங்கே வைப்பது என்று பத்ரி கேட்டான். கோவிந்தராஜ் ரேணுகாவைப் பார்த்தான். அது ஒன்று வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளுக்கும் அதைச் சொல்லத்தான் வாய் துடித்தது.

அவள் பத்ரியின் கையிலிருந்து சுண்ணக்கட்டியை வாங்கினாள். டேப்பை அவன் நீட்டினான், வேண்டாம் என்று தலையசைத்தாள். கதவுக்கு முன்னால் குனிந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் கோவிந்தராஜின் இடது கை அலுங்காமல் எட்டுகிற உயரத்தில் ஒரு கோடு போட்டாள். போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.